கெட்ட செய்தி தாமதமாகத்தான் வரும்: ரூட்டர்கள் நல்ல வழியைக் கணக்கிடுவதும் மாற்றுவதும், கையால் போட்டுப் பார்க்க

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு மணி நேரம். இந்த வழிகாட்டிக்கு அது போதும். ரூட்டர் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசியில் லேப்டாப்பிலேயே போட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) படிக்கும் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓஎஸ்பிஎஃப்-க்கு (ரூட்டர்கள் வழிகளைப் பேசிக்கொள்ளும் ஒரு புரோட்டோகால், அதாவது பேச்சு விதிமுறை) ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி என்று சொல்லிவிடுவார்கள்: 10 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்ற ஹலோ, 40 விநாடி அது வராவிட்டால் பக்கத்து ரூட்டர் செத்ததாகக் கணக்கு. "சரி, அந்த 40 விநாடியும் பாக்கெட் எங்கே போய்க்கொண்டிருந்தது?" என்று கேட்டால் முழிப்பார்கள். என்னுடைய முதல் இன்டர்வியூவில் நானும் அப்படித்தான் முழித்தேன். வழியைக் கணக்கிடும் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கணக்கு பழசாகிப்போன அந்த இடைவெளியைப் பற்றித்தான் யாரும் நின்று பேசுவதில்லை. என் அனுபவத்தில் இரவில் போன் வருவதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ரூட்டருக்கும் வழி முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாக்கெட்டை அடுத்து யாரிடம் தள்ளுவது என்பது மட்டும் தெரிந்தால் போதும். அந்த அடுத்த ஆள்தான் நெக்ஸ்ட் ஹாப். அவர் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பது நம்பிக்கை. யார் சொன்னதை எவ்வளவு நம்புவது, நம்பியதை எப்போது கைவிடுவது என்பதில்தான் ஒரு புரோட்டோகாலுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

படி 1: டேபிளை எந்த வரிசையில் வாசிப்பது

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் பாருங்கள்.

ஒரு நெட்வொர்க்குக்கு வழி கண்டுபிடிப்பது ஒரு வேலை. வந்த பாக்கெட்டை டேபிளில் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த நெக்ஸ்ட் ஹாப் என்ற பட்டியல்) தேடி அனுப்புவது இன்னொரு வேலை. முதல் வேலையில் இரண்டு கேள்விகள். ஒரே புரோட்டோகால் இரண்டு வழிகளைச் சொன்னால் மெட்ரிக் (வழியின் விலை எண்) குறைந்தது எது? ஒரே நெட்வொர்க்கை இரண்டு வெவ்வேறு புரோட்டோகால்கள் சொன்னால் எதை நம்புவது? இரண்டாவது கேள்விக்கு சிஸ்கோவில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்று பெயர். நேரடியாகச் செருகிய கேபிளுக்கு 0, கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1, வெளி பிஜிபி-க்கு 20, ஈஐஜிஆர்பி-க்கு 90, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110, ரிப்-க்கு 120, உள் பிஜிபி-க்கு 200 (இவையெல்லாம் புரோட்டோகால்களின் பெயர்கள், ரிப் படி 2-இலும் பிஜிபி படி 7-இலும் வரும்). எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். ஜூனிப்பரில் இதையே பிரிஃபரன்ஸ் என்பார்கள், எண்களும் வேறு: ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள்வழி 10, பிஜிபி 170. இரண்டு கம்பெனிப் பெட்டிகளையும் கலந்து வைத்திருக்கும் இடங்களில் இந்த வேறுபாடு கடிக்கும்.

இதில் ஜெயித்தவை மட்டும் டேபிளுக்குள் போகும். அதன் பிறகுதான் பாக்கெட் வருகிறது. பாக்கெட் வந்ததும் மெட்ரிக்கையோ டிஸ்டன்ஸையோ யாரும் பார்ப்பதில்லை. போகவேண்டிய முகவரிக்கு மிக நீளமாகப் பொருந்தும் பிரிஃபிக்ஸ் (முகவரியின் முன்பகுதி, /24 என்றால் முதல் 24 பிட்) எது என்று மட்டும் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, டேபிளில் 10.20.0.0/16 ஸ்டாட்டிக்காக இருக்கிறது, 10.20.30.0/24 ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்திருக்கிறது. 10.20.30.7-க்கு ஒரு பாக்கெட். "ஸ்டாட்டிக்தானே 1, அதுதான் ஜெயிக்கும்" என்று சொன்னால் தப்பு. இரண்டும் வெவ்வேறு பிரிஃபிக்ஸ், போட்டியே கிடையாது. இரண்டும் டேபிளில் இருக்கும். /24 நீளமானது, பாக்கெட் அந்த வழியில்தான் போகும். இந்த விதியை மறக்காதீர்கள். 2008-இல் யூடியூப் 2 மணி நேரத்துக்கு மேல் காணாமல் போனது இதே விதியால்தான். கடைசிப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

படி 2: செவிவழிச் செய்தி

பழைய முறை இது. 1950-களில் ரிச்சர்ட் பெல்மனும் லெஸ்டர் ஃபோர்டும் தனித்தனியாக எழுதிய கணக்கு. சுருக்கம் இவ்வளவுதான்: பக்கத்து ரூட்டர் ஒவ்வொன்றும் "அந்த நெட்வொர்க் எனக்கு இவ்வளவு தூரம்" என்று சொல்கிறது. அதோடு அந்த ரூட்டர் வரைக்கும் என் தூரத்தைக் கூட்டுகிறேன். வந்ததில் குறைந்ததை எடுத்துக்கொண்டு, நானும் அதையே அக்கம்பக்கத்தில் சொல்கிறேன். வழி எப்படி வளைந்து போகிறது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தூரமும் திசையும் மட்டும். அதனால் டிஸ்டன்ஸ் வெக்டர் என்று பெயர்.

1988-இல் ஆர்எஃப்சி (இணைய விதிகள் வெளியாகும் ஆவணத் தொடர்) 1058 ஆகப் பதிவான ரிப் இதைத்தான் செய்கிறது. தூரம் என்பது இடையில் எத்தனை ரூட்டர் என்ற எண்ணிக்கை. 30 விநாடிக்கு ஒருமுறை முழு டேபிளையும் ஒப்பிக்கும். 180 விநாடி ஒரு வழியைப் பற்றிப் பேச்சே வராவிட்டால் அது செத்தது. 15 வரைதான் தூரம். 16 என்றால் எட்டாத இடம்.

தாளில் வரிசையாக மூன்று வட்டம் போடுங்கள்: ஆர்1 – ஆர்2 – ஆர்3. ஆர்3-இன் பின்னால் 10.3.3.0/24. ஆர்3-க்கு அது 0, ஆர்2-க்கு 1, ஆர்1-க்கு 2.

ஆர்2-க்கும் ஆர்3-க்கும் இடையே கேபிளை வெட்டுங்கள். ஆர்2 தன் வழியை அடித்துவிட்டது. அதை ஆர்1-இடம் சொல்வதற்குள் ஆர்1-இன் 30 விநாடி வந்துவிட்டது. ஆர்1 வழக்கம்போல ஒப்பிக்கிறது: "10.3.3.0 எனக்கு 2." ஆர்2 சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறது: 2 + 1 = 3, ஆர்1 வழியாக. அந்த 2 என்பதே தான் முன்பு சொன்ன 1-இலிருந்து வந்தது என்று ஆர்2-க்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் தூரத்தில் பாதை எழுதியிருப்பதில்லை.

இப்போது ஆர்2 "எனக்கு 3" என்கிறது. ஆர்1-க்கு இது முன்பைவிட மோசமான செய்தி. ஆனால் டிஸ்டன்ஸ் வெக்டரில் மாணவர்கள் விட்டுவிடும் விதி ஒன்று உண்டு: நான் எந்த நெக்ஸ்ட் ஹாப்பை நம்பிக்கொண்டிருக்கிறேனோ அது மோசமான எண்ணைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆர்1 அதை 4 ஆக்குகிறது. ஆர்2 அதை 5 ஆக்குகிறது. 6, 7, 8... ஒன்றுமில்லாத ஒரு நெட்வொர்க்குக்கு இரண்டு ரூட்டரும் மாறி மாறித் தூரத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. 30 விநாடிக்கு 2 வீதம் ஏறினால் 16-ஐத் தொட 3 நிமிடத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்க 10.3.3.0-க்கு வந்த பாக்கெட் ஆர்1-க்கும் ஆர்2-க்கும் நடுவே பந்தாடப்படும், டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை.

16 என்ற எல்லை ஏன் அவ்வளவு சின்னது என்று இப்போது புரிந்திருக்கும். 1000 என்று வைத்திருந்தால் இந்த ஏற்றம் முடிய 4 மணி நேரம் ஆகும்.

மருந்துகள் உண்டு. ஒருவரிடம் கற்றதை அவரிடமே திருப்பிச் சொல்லாதே: இது ஸ்ப்ளிட் ஹொரைசன். திருப்பிச் சொல்வதானால் 16 என்று சொல்: பாய்சன் ரிவர்ஸ். கெட்ட செய்தி வந்தால் 30 விநாடி காத்திருக்காமல் உடனே சொல்: ட்ரிகர்டு அப்டேட். இரண்டு ரூட்டர் இருந்தால் இவை அருமையாக வேலை செய்யும். முக்கோணமாக மூன்று ரூட்டர் போட்டுப் பாருங்கள், வதந்தி மூன்றாவது ஆள் வழியாகச் சுற்றி வந்துவிடும். ஈஐஜிஆர்பி இதை டூயல் என்ற கணக்கால் நன்றாகவே தீர்த்தது, ஜே.ஜே. கார்சியா-லூனா-அசெவெஸ் வகுத்த முறை. ஆனால் பல வருடம் சிஸ்கோவின் சொந்தச் சொத்தாகவே இருந்ததால் வெளியே பெரிதாகப் பரவவில்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 3: எல்லார் கையிலும் ஒரே வரைபடம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-இல் செவிவழி முறையோடுதான் தொடங்கியது. ஏறக்குறைய 2/3 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து இயந்திரத்தோடு டேபிளைப் பரிமாறும். தூரமாக எடுத்துக்கொண்டது கியூவில் நிற்கும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை. கேட்க நன்றாக இருக்கிறது, நெரிசலைத் தவிர்க்கும் வழி! நடந்தது என்னவென்றால், ஒரு லிங்க் காலி என்றதும் எல்லாரும் அங்கே பாய்ந்தார்கள். அது நிறைந்ததும் எல்லாரும் பழையதற்குத் திரும்பினார்கள். ஊஞ்சல். "ஓஎஸ்பிஎஃப் ஏன் சார் டிராஃபிக் பார்த்து வழி மாற்றுவதில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது அந்த ஊஞ்சலில் அடிபட்டுக் கற்றது.

1979–80-இல் ஜான் மெக்குவில்லன் குழு பிபிஎன் நிறுவனத்தில் முறையை மாற்றியது. இனி தூரத்தைச் சொல்லாதே. உன் கதவில் எந்தெந்தக் கேபிள் இருக்கிறது, ஒவ்வொன்றின் விலை என்ன என்று மட்டும் சொல். அந்தச் சீட்டு ஊர் முழுக்க அப்படியே போகட்டும். எல்லார் கையிலும் எல்லாச் சீட்டும் சேர்ந்தால் ஒரே வரைபடம் கிடைக்கும். அதில் அவரவர் வழியை அவரவர் கணக்கிடட்டும். இதுதான் லிங்க் ஸ்டேட். ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் இரண்டும் இந்த வம்சம். ஓஎஸ்பிஎஃப்-இல் சீட்டுக்கு எல்எஸ்ஏ என்று பெயர்.

கணக்கைப் போட்டுவிடுவோம். ஐந்து ரூட்டர், லிங்க் விலைகள் இவை:

ஆர்1 – ஆர்3: 3
ஆர்1 – ஆர்2: 10
ஆர்2 – ஆர்3: 4
ஆர்2 – ஆர்4: 2
ஆர்3 – ஆர்4: 8
ஆர்4 – ஆர்5: 5
ஆர்3 – ஆர்5: 15

நீங்கள் ஆர்1. தாளை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் "முடிந்தது", வலப்பக்கம் "பார்க்கலாம்". முடிந்ததில் ஆர்1, விலை 0. பார்க்கலாமில் நேரே தெரிவது ஆர்3 (3), ஆர்2 (10).

வலப்பக்கத்தில் மிகக் குறைந்ததை எடுத்து இடப்பக்கம் போடுங்கள்: ஆர்3, விலை 3. இனி அதை மாற்ற வேண்டாம். ஆர்3-இன் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். அது வழியாக ஆர்2-க்கு 3 + 4 = 7. ஏற்கெனவே எழுதிய 10-ஐ அடித்து 7 போடுங்கள். ஆர்4-க்கு 3 + 8 = 11. ஆர்5-க்கு 18.

அடுத்துக் குறைந்தது ஆர்2, விலை 7. அதன் சீட்டில் ஆர்4-க்கு 2 என்று இருக்கிறது, ஆகவே 9. 11-ஐ அடியுங்கள்.

அடுத்தது ஆர்4, 9. அதிலிருந்து ஆர்5-க்கு 14, 18 போகிறது. கடைசியாக ஆர்5, 14. வலப்பக்கம் காலி, கணக்கு முடிந்தது.

ஆர்2 நேராகக் கேபிளில் இருந்தும் ஆர்1 அதற்கு ஆர்3 வழியாகத்தான் போகிறது, கவனித்தீர்களா? நான்கு இடங்களுக்கும் நெக்ஸ்ட் ஹாப் ஆர்3 ஒன்றேதான். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்தக் கணக்கை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடை மேசையில் 20 நிமிடத்தில் யோசித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார், தாள் பென்சில் இல்லாமலேயே. வெளியிட்டது 1959-இல். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுகிய வழி எது என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரு சின்ன விதி: ஒரு லிங்க்கைக் கணக்கில் எடுக்க இரண்டு முனையும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆர்3 "எனக்கு ஆர்2 உண்டு" என்று சொல்லி, ஆர்2-இன் சீட்டில் ஆர்3 இல்லையென்றால் அந்த லிங்க் இல்லாததற்குச் சமம். லேப் செய்யும்போது இது உதவும்.

கணக்கு இவ்வளவு எளிது. கஷ்டம் சீட்டில் இருக்கிறது. ஒரே ரூட்டரிடமிருந்து இரண்டு சீட்டு வந்தால் எது புதியது?

படி 4: மூன்று சீட்டு ஒரு நெட்வொர்க்கைச் சாய்த்த கதை

1980 அக்டோபர் 27. ஆர்ப்பாநெட் முழுவதும் சில மணி நேரம் முடங்கியது. கேபிள் எதுவும் அறுபடவில்லை.

சீட்டுகளுக்கு 6 பிட் வரிசை எண், அதாவது 0 முதல் 63 வரை. 63-க்குப் பிறகு மறுபடி 0. கடிகார முள் மாதிரி சுற்றும் எண் என்பதால் எது புதிது என்று சொல்ல ஒரு விதி வைத்திருந்தார்கள்: சுற்றில் 32-க்குள் முன்னால் இருப்பது புதிது. அன்று 50-ஆம் எண் இயந்திரத்தின் பெயரில் மூன்று சீட்டுகள் ஒரே நேரத்தில் சுற்றின, 44, 40, 8 என்ற எண்களோடு. இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: 101100, 101000, 001000. ஒவ்வொரு முறையும் ஒரு 1 விழுந்து 0 ஆகியிருக்கிறது. ஹார்டுவேர் கோளாறில் பிட் தவறியது.

விதியைப் போட்டுப் பாருங்கள். 8-ஐவிட 40 புதிது, வித்தியாசம் சரியாக 32. 40-ஐவிட 44 புதிது. 44-ஐவிட 8 புதிது, ஏனென்றால் 44-லிருந்து சுற்றி 8-க்கு வர 28 தான். ஆக ஒவ்வொன்றும் இன்னொன்றைவிடப் புதிது. ஒரு இயந்திரம் 40-ஐ வாங்கிப் பரப்பும், 44 வந்ததும் "புதிது" என்று அதைப் பரப்பும், 8 வந்ததும் அதை, மறுபடி 40. ஓயாத சங்கிலி. எல்லா இயந்திரமும் இந்த மூன்று சீட்டுகளைப் பரப்பவே நேரத்தைச் செலவிட்டன. ஒன்றை நிறுத்தித் தொடங்கினாலும் பக்கத்து இயந்திரம் உடனே அந்தச் சீட்டுகளைத் திணித்துவிடும். 50-ஆம் எண்ணின் சீட்டுகளைப் புறக்கணிக்கச் சொல்லி நிரலில் ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். எரிக் ரோசன் எழுதிய ஆர்எஃப்சி 789-இல் முழு விவரம் இருக்கிறது. மர்மக்கதை படிப்பதுபோல் இருக்கும். நெட்வொர்க் வேலைக்கு வருபவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

ஓஎஸ்பிஎஃப் சீட்டை இப்போது திறந்து பாருங்கள், ஒவ்வொரு கட்டமும் அந்த நாளை நினைவூட்டும். வரிசை எண் 32 பிட், சுற்றாது, நேர்கோட்டில் ஏறும். உச்சியைத் தொட்டால் பழைய சீட்டை எல்லாரிடமிருந்தும் அழித்த பிறகுதான் முதலிலிருந்து தொடங்கலாம். ரூட்டர் நினைவகத்தில் இருக்கும்போதும் பிட் தவறினால் தெரியும்படி செக்சம். ஒவ்வொரு சீட்டுக்கும் வயது. 60 நிமிடம் ஆனால் செத்தது. எழுதியவர் உயிரோடு இருந்தால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார். மாற்றம் எதுவும் இல்லாதபோது ஓஎஸ்பிஎஃப் ஏன் அரை மணிக்கு ஒருமுறை முணுமுணுக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

படி 5: கேபிள் அறுந்த பிறகு

ஐந்து ரூட்டர் படத்துக்குத் திரும்புங்கள். ஆர்2–ஆர்3 லிங்க்கை அடியுங்கள். கணக்கைத் திரும்பப் போட்டால் ஆர்1-க்கு ஆர்3 (3), ஆர்2 நேராக (10), ஆர்4 ஆர்3 வழியாக (11), ஆர்5 (16). டேபிளில் நெக்ஸ்ட் ஹாப் மாறியது ஆர்2-க்கு மட்டும்தான்.

இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் அறுந்தது தெரியவேண்டும். ஃபைபர் ரூட்டரின் போர்ட்டிலேயே நேராகச் செருகியிருந்தால் வெளிச்சம் போனதும் தெரிந்துவிடும். நடுவில் ஒரு சுவிட்ச்சோ சேவை நிறுவனத்தின் பெட்டியோ இருந்தால் போர்ட் பச்சையாகவே எரியும். ஹலோ வராமல் 40 விநாடி போனால்தான் சந்தேகம் வரும். அடுத்தது சீட்டு பரவுவது, சில பத்து மில்லிவிநாடி. அடுத்தது டைக்ஸ்ட்ரா கணக்கு. இன்றைய ரூட்டரில் சில மில்லிவிநாடி. கடைசியில் புது வழிகளைப் பாக்கெட் தள்ளும் சிப்பில் எழுதுவது. வழிகள் லட்சக்கணக்கில் இருந்தால் இது கணக்கைவிட நிறைய நேரம் தின்னும்.

ஆக, நாம் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்த டைக்ஸ்ட்ராதான் இதில் மிகச் சின்னச் செலவு. பெரிய செலவு, அறுந்ததைத் தெரிந்துகொள்வது. அதற்குத்தான் பிஎஃப்டி. 50 மில்லிவிநாடிக்கு ஒரு சின்னப் பாக்கெட், மூன்று தொடர்ந்து வராவிட்டால் லிங்க் செத்தது. 40 விநாடி 150 மில்லிவிநாடி ஆகிவிடும். "பிஎஃப்டி போட்டீங்களா?" என்பது எங்கள் டீமில் "சாப்டாச்சா?" மாதிரி ஒரு கேள்வி.

லிங்க் ஸ்டேட்டில் லூப் (பாக்கெட் ஒரே வட்டத்தில் சுற்றுவது) வராது என்று சில குறிப்புப் புத்தகங்களில் இருக்கும். எல்லார் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும்வரை வராது. படத்தைப் பாருங்கள். லிங்க் அறுவதற்கு முன் ஆர்4-க்கு ஆர்3 போக ஆர்2 வழிதான் மலிவு: 2 + 4 = 6, நேர்வழி 8. அறுந்தது ஆர்2-க்கு முதலில் தெரிகிறது. ஆர்2 கணக்குப் போட்டு, ஆர்3-க்குப் போக ஆர்4 வழியாக 10 என்று மாற்றிக்கொண்டது. ஆர்4 இன்னும் பழைய படத்தில் இருக்கிறது. ஆர்2 தள்ளிய பாக்கெட்டை ஆர்4 அப்படியே ஆர்2-இடம் திருப்பி அனுப்பும். அரை விநாடியோ அதற்கும் குறைவோ, ஆனால் லூப் லூப்தான். மைக்ரோலூப் என்பார்கள். போன் காலில் "ஹலோ... கேக்குதா?" என்ற அந்த ஒரு கணத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

லிங்க் நிமிடத்துக்குப் பத்து முறை விழுந்து எழுந்தால்? ஒவ்வொரு முறையும் எல்லா ரூட்டரும் கணக்கைத் திரும்பப் போட்டால் வேறு வேலை ஓடாது. அதனால் முதல் மாற்றத்துக்கு உடனே கணக்கு, தொடர்ந்து வந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும். சில சமயம் "ஏன் இவ்வளவு லேட்" என்று திட்டுவது இந்தக் காவலைத்தான்.

படி 6: விலை எண்ணில் ஒரு குழி

இதைச் சொந்த அனுபவமாகவே சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே பழைய 1 ஜிபிபிஎஸ் லிங்க். நிரம்பி வழிந்தது. மூன்றாவது கட்டிடம் வழியாகப் புதிதாக 10 ஜிபிபிஎஸ் போட்டார்கள், இரண்டு துண்டு. பழையதை பேக்கப்பாக விட்டார்கள். மூன்று வாரம் கழித்தும் புகார் குறையவில்லை. கிராஃபைத் திறந்தால் புது லிங்க்கில் ஹலோ பாக்கெட்டுகள் தவிர ஒன்றுமில்லை. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்கோ ஓஎஸ்பிஎஃப் விலையை 100 எம்பிபிஎஸ் ÷ லிங்க் வேகம் என்று கணக்கிடும். 1 ஜிபிபிஎஸ் என்றால் 0.1, ஒன்றுக்குக் கீழே போகமுடியாது, அதனால் 1. 10 ஜிபிபிஎஸ்-உம் 1. பழைய நேர்வழி 1, புதுவழி 1 + 1 = 2. கணக்குப்படி ரூட்டர் செய்தது சரி. "ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000" என்று ஒரு வரி போட்டால் 1 ஜிபிபிஎஸ் 100, 10 ஜிபிபிஎஸ் 10, புதுவழி 20 ஆகிவிடும். ஆனால் எல்லா ரூட்டரிலும் ஒரே சமயம் போடவேண்டும். பாதியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு என்று ஆகி, நடுவில் ஃபயர்வால் இருந்தால் அது கழுத்தைப் பிடிக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

படி 7: ஊர் விட்டு ஊர், பிஜிபி

இதுவரை பார்த்தது ஒரே நிர்வாகத்துக்குள். நிறுவனத்துக்கு நிறுவனம் வரும்போது யாரும் தன் உள்வரைபடத்தை அடுத்தவருக்குக் காட்டமாட்டார்கள், தங்கள் லிங்க்கின் விலையையும் சொல்லமாட்டார்கள். 1989-இல் கிர்க் லஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு இடைவேளையில் நாப்கினில் வரைந்து தொடங்கியது பிஜிபி. இன்றைய நான்காம் பதிப்பு ஆர்எஃப்சி 4271-இல் இருக்கிறது. டிசிபி 179-ஆம் போர்ட்டில் இரண்டு ரூட்டர் பேசிக்கொள்ளும். முதலில் முழு டேபிள், பிறகு மாற்றங்கள் மட்டும்.

செவிவழிச் செய்திதான் இதுவும், ஆனால் யார் யார் வாய் வழியாக வந்தது என்ற முழுப் பட்டியலோடு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஏஎஸ் எண். செய்தி கடக்கும்போது தன் எண்ணை முன்னால் ஒட்டிவிடும். வந்த பட்டியலில் என் எண் ஏற்கெனவே இருந்தால் நான் சொன்னதே திரும்பி வந்திருக்கிறது என்று தூக்கி எறிந்துவிடுவேன். படி 2-இல் ஆர்2-க்குத் தெரியாமல் போனது இங்கே தெரிகிறது.

தேர்வு வரிசையைப் பத்துப் பன்னிரண்டு படியாக மனப்பாடம் செய்வார்கள். நிஜத்தில் முடிவு பெரும்பாலும் முதல் சில படிகளிலேயே விழுந்துவிடும். நெக்ஸ்ட் ஹாப் எட்டுகிறதா என்று பார்த்ததும், சிஸ்கோவின் வெயிட்டை விட்டுவிட்டால், அடுத்து வருவது லோக்கல் பிரிஃபரன்ஸ். அதிகமானது ஜெயிக்கும், சும்மா விட்டால் 100. இதுதான் பணம் பேசும் இடம். எனக்குக் காசு தரும் வாடிக்கையாளர் வழி, காசில்லாமல் பரிமாறும் பியர் வழி, நான் காசு கொடுக்கும் மேல்நிறுவனத்தின் வழி: இந்த வரிசையில்தான் எண் வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஏஎஸ் பட்டியலின் நீளம், ஆரிஜின், எம்இடி, உள்ளே எனக்கு மிக அருகிலுள்ள வாசல் எது என்பதெல்லாம். "சிறந்த வழி" என்றால் பிஜிபி-யில் லாபமான வழி என்று வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும். சில நேரம் பக்கத்து ஊருக்குப் போகும் பாக்கெட் கடல்தாண்டிச் சுற்றி வருவது இதனால்தான்.

கெட்ட செய்தி இங்கேயும் தாமதம்தான். ஒரு பிரிஃபிக்ஸ் நிஜமாகவே செத்துவிட்டால், நேர்வழி போனதும் ரூட்டர் கையிலிருக்கும் அடுத்த நீளமான வழிக்கு மாறும், அதுவும் செத்தது என்று சற்றுக் கழித்து வரும், அடுத்ததற்கு மாறும். இருக்கிற எல்லாப் பொய்வழியையும் தடவிப் பார்த்துத்தான் கைவிடும். இது பாத் ஹன்டிங். நிமிடக் கணக்கில்கூட ஆகும்.

இனி யூடியூப். 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் தடுக்க 208.65.153.0/24 தன்னிடம் இருப்பதாக ஒரு வழி போட்டது. அது வெளியே கசிந்து, மேல்நிறுவனமான பிசிசிடபிள்யூ அதை வடிகட்டாமல் உலகுக்கு அறிவித்தது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. லோக்கல் பிரிஃபரன்ஸ், பட்டியல் நீளம் என்று எதுவும் மோதவே இல்லை. /22-உம் /24-உம் வேறு வேறு பிரிஃபிக்ஸ், நீளமானது ஜெயிக்கும். படி 1-இல் பார்த்த அதே விதி. நம் நேரப்படி 25-ஆம் தேதி நள்ளிரவு 12:17-க்குத் தொடங்கியது. 1:37-க்கு யூடியூபும் /24 அறிவித்தது. இப்போது சமபலம், அருகிலுள்ளவர்கள் மட்டும் திரும்பினார்கள். 1:48-க்கு இரண்டு /25 அறிவித்து விதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 2:31-க்கு மேல்நிறுவனம் தவறான வழியைத் திரும்பப் பெற்றது. இன்று எந்தப் பிரிஃபிக்ஸை எந்த ஏஎஸ் எவ்வளவு நீளம்வரை அறிவிக்கலாம் என்று கையெழுத்திட்டு வைக்கும் ஆர்பிகேஐ இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்த முகவரிகள் இருந்தால் அந்தக் கையெழுத்து போட்டிருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

படி 8: கண்ணால் பார்க்க

லினக்ஸ் ஒன்றும் டாக்கரும் இருந்தால் போதும். கன்டெய்னர்லேப்-இல் (டாக்கருக்குள் நெட்வொர்க் கட்டும் கருவி) எஃப்ஆர்ஆர் (இலவச ரூட்டர் மென்பொருள்) பிம்பத்தை வைத்து ஐந்து ரூட்டரை எழுப்புங்கள். மேலே கொடுத்த விலைகளை இன்டர்ஃபேஸ் இன்டர்ஃபேஸாகப் போடுங்கள். ஒவ்வொரு லிங்க்கின் இரண்டு பக்கமும் போடவேண்டும். எழுப்பிய உடன் ஒன்றும் வரவில்லையே என்று பதறாதீர்கள், ஈத்தர்நெட் லிங்க்கில் தலைமை ரூட்டரைத் தேர்ந்தெடுக்கவே 40 விநாடி காத்திருக்கும். "ஷோ ஐபி ரூட்" போட்டு, ஆர்2-க்குப் போக ஆர்3 வழியாக என்று வருகிறதா பாருங்கள். "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ்" போட்டால் சீட்டுகளின் வயது விநாடியாக ஏறுவது தெரியும்.

இப்போது ஆர்1-இன் லூப்பேக்கிலிருந்து (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரி) ஆர்2-இன் லூப்பேக்கிற்கு விநாடிக்கு 10 வீதம் பிங் ஓடவிடுங்கள். ஆர்3-இல் ஆர்2-ஐ நோக்கிய இன்டர்ஃபேஸை முதலில் டவுன் செய்யுங்கள். எதிர்முனையும் உடனே டவுன் ஆகும். பிங்கின் வரிசை எண்ணில் சொற்பம்தான் விடுபடும். மறுபடி எழுப்பி, எல்லாம் பழையபடி வந்ததும், அதே இன்டர்ஃபேஸில் டிசி நெட்எம் (லினக்ஸில் வேண்டுமென்றே பாக்கெட்டைத் தொலைக்கும் கருவி) வைத்து 100 சதவீத லாஸ் போடுங்கள். போர்ட் பச்சையாகவே இருக்கும், பாக்கெட் மட்டும் போகாது. ஆர்2-க்கு ஹலோ வருவது நின்று டெட் நேரம் முடிந்ததும் அது ஆர்3 இல்லாத புதுச் சீட்டை அனுப்பும். இரண்டு முனையும் சொல்லவேண்டும் என்ற விதிப்படி ஆர்1 அந்த லிங்க்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். காணாமல் போன வரிசை எண்களை எண்ணுங்கள்: 300-க்கும் 400-க்கும் நடுவே இருக்கும். கடைசி ஹலோவுக்கு எவ்வளவு நேரம் கழித்து நீங்கள் என்டர் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது அது.